போதுமா, போதாதா? - டேட்டா சஃபிஷியன்ஸியைத் திட்டுகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் ஒரு சண்டை. கிரிக்கெட் இல்லை, சினிமா இல்லை, மெஸ் சாம்பாரும் இல்லை. கணக்குக்காக. நம்புங்கள், கணக்குக்காகத்தான்.

பக்கத்து ரூம் பாண்டி ஒரு மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்து புத்தகத்தைக் கட்டிலில் வீசினான். "விடையே கேக்காத கணக்கெல்லாம் ஒரு கணக்காடா மாப்ள? படிச்சவன ஏமாத்துற வேலைடா இது" என்றான். கூட இருந்த நாலு பேரும் ஆமாம் போட்டார்கள். சும்மா இருந்திருக்கலாம். "இல்லடா, அந்தப் பரீட்சையிலேயே நேர்மையான கேள்வி அது ஒண்ணுதான்" என்று வாயை விட்டேன். அவ்வளவுதான், கும்மு கும்மென்று கும்மிவிட்டார்கள். ஒன்றரை மணிக்கு வார்டன் வந்து துரத்தியதால் என் கட்சி வாதம் பாதியில் நின்றுவிட்டது. மீதி இங்கே.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கணக்குப் புலி கிடையாது. இந்த வகைக் கேள்வியில் என் முதல் மதிப்பெண் பத்துக்கு இரண்டு. அதில் ஒன்று குருட்டாம்போக்கில் அடித்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். நீங்கள் கேள்விக்கு விடை சொல்ல வேண்டாம். விடை சொல்ல அந்தக் கூற்றுகள் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். ஜிமேட்டில் ஐந்து தேர்வுகள், எப்போதும் ஒரே வரிசையில்: முதல் கூற்று மட்டும் போதும் என்றால் ஏ, இரண்டாவது மட்டும் போதும் என்றால் பி, தனித்தனியாகப் போதாது ஆனால் சேர்த்தால் போதும் என்றால் சி, எது ஒன்று இருந்தாலும் போதும் என்றால் டி, சேர்த்தாலும் போதாது என்றால் ஈ. அவ்வளவுதான் விளையாட்டு.

இது ஜிமேட் எழுதி வெளிநாடு போகிறவர்கள் தலைவலி மட்டும் இல்லை. வங்கித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியில் வரும். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட் பாடத்திட்டத்திலும் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். நம் வகுப்பில் பாதிப் பேராவது இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

டீக்கடைக் கணக்கு

அன்றைக்கு ராத்திரி நான் பாண்டிக்குக் கொடுத்த கணக்கு இது.

நாங்கள் சிலர் டீக்கடைக்குப் போனோம். டீ 12 ரூபாய், வடை 7 ரூபாய். வேறு எதுவும் வாங்கவில்லை. எத்தனை டீ குடித்தோம்?
(1) மொத்த பில் 100 ரூபாய்.
(2) டீயும் வடையும் சேர்த்து எண்ணிக்கை 10.

ஐந்து பேரும் ஒரே குரலில் "சி" என்றார்கள். காரணமும் ஒரே குரலில் வந்தது: "ரெண்டு தெரியாதது இருக்கு, ரெண்டு சமன்பாடு வேணும். ஒண்ணை வச்சு எப்படி?"

தப்பு. விடை ஏ. முதல் கூற்று மட்டுமே போதும்.

நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள். 100 ரூபாயில் டீக்கான காசைக் கழித்தால் மிச்சம் 7-ஆல் வகுபட வேண்டும். ஒரு டீ என்றால் மிச்சம் 88, வகுபடாது. இரண்டு டீ, 76, வகுபடாது. மூன்று, 64. நான்கு, 52. ஐந்து, 40. எதுவும் வகுபடாது. ஆறு டீ என்றால் மிச்சம் 28, நாலு வடை. ஏழு டீ, 16. எட்டு டீ, 4. டீயே குடிக்கவில்லை என்றால் 100, அதுவும் வகுபடாது. ஆக ஆறு டீ, நாலு வடை. வேறு வழியே இல்லை.

இரண்டாவது சமன்பாடு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. அரை வடை யாரும் விற்க மாட்டார்கள் என்பதிலிருந்து வந்தது. அதைக் கேள்வித்தாளில் எழுத மாட்டார்கள். வடையை வடையாக நினைத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். வடையை 'ஒய்' என்று மாற்றிவிட்டு அதோடு மறந்துபோகிறவனுக்குத் தெரியாது.

இப்போது வடை விலையை 8 ரூபாய் ஆக்குங்கள். மற்றதெல்லாம் அப்படியே. ஒரு டீயும் பதினொரு வடையும் 100 ரூபாய். மூன்று டீயும் எட்டு வடையும் 100 ரூபாய். ஐந்தும் ஐந்தும் 100. ஏழு டீயும் இரண்டு வடையும் 100. நாலு வழி இருக்கிறது, முதல் கூற்று போதாது. இரண்டாவது கூற்றும் சேர்ந்தால்தான் ஐந்து டீ, ஐந்து வடை என்று தெரியும். இப்போது விடை சி.

பார்த்தீர்களா? சமன்பாட்டின் எண்ணிக்கை மாறவில்லை. தெரியாததின் எண்ணிக்கை மாறவில்லை. வடை ஒரு ரூபாய் ஏறியது, விடை மாறிவிட்டது. பிறகு சமன்பாட்டை எண்ணிப் பார்த்து என்ன பிரயோஜனம்?

எண்ணிக்கைச் சாமியார்கள்

என் கோபம் பாண்டி மேல் இல்லை. அவனுக்கு இந்த மந்திரத்தை ஓதியவர்கள் மேல். "எத்தனை அன்னோன் இருக்குன்னு எண்ணு, எத்தனை ஈக்வேஷன் இருக்குன்னு எண்ணு, சரியா வந்தா போதும், வரலைன்னா போதாது. கணக்கே போட வேணாம், பத்து செகண்டுல அடிச்சிரலாம்." கோச்சிங் வகுப்பில் இதைச் சொல்லிக் கேட்டபோது நானும் கைதட்டியவன்தான். அப்பா கட்டிய பீஸில் எனக்குக் கிடைத்த பெரிய ரகசியம் இதுதான் என்று நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கட்டம்தான் பத்துக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தது.

இந்த மந்திரம் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். ஒரு சமன்பாடே போதும் என்பதை டீக்கடையில் பார்த்தோம். இரண்டு இருந்தும் போதாது என்பதற்கு இதோ:

அண்ணன் வயது என்ன?
(1) அண்ணன், தம்பி இருவர் வயதையும் கூட்டினால் 40.
(2) ஐந்து வருடம் கழித்து இருவர் வயதையும் கூட்டினால் 50.

இரண்டு தெரியாதது, இரண்டு சமன்பாடு. எண்ணிக்கைச் சாமியார் சி என்பார். ஆனால் ஐந்து வருடத்தில் இருவருக்கும் ஐந்து ஐந்து கூடத்தானே செய்யும்? முதல் கூற்று சொன்னதையே இரண்டாவது கூற்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து சொல்கிறது. அண்ணனுக்கு 21-ம் இருக்கலாம், 30-ம் இருக்கலாம். விடை ஈ. ஒரே ஆள் இரண்டு தடவை சாட்சி சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடுமா?

மூன்றாவது ஏமாற்று இன்னும் நாசூக்கானது.

ஒரு வியாபாரி ஒரு பொருளை விற்றார். லாப சதவீதம் என்ன?
(1) விற்ற விலை, வாங்கிய விலையைப் போல 1.37 மடங்கு.
(2) லாபம் 4,810 ரூபாய்.

இரண்டையும் சேர்த்தால் வாங்கிய விலை 13,000 ரூபாய் என்று அழகாக வரும். அப்படி அழகாக வந்ததும் நம்மாட்களுக்கு ஒரு சந்தோஷம், சி என்று அடித்துவிடுவார்கள். கேட்டது சதவீதம் மட்டும். முதல் கூற்றிலேயே 37 உட்கார்ந்திருக்கிறது. விடை ஏ. இரண்டாவது கூற்று உண்மையான தகவல்தான், ஆனால் தேவை இல்லாத தகவல். உண்மையாக இருந்தால் உபயோகமாகவும் இருக்க வேண்டுமா என்ன?

கப்பல் கேப்டனும் சித்தப்பா பையனும்

நாம் ஏன் இப்படி விழுகிறோம்? நமக்கு மூளை இல்லாததால் இல்லை. பன்னிரண்டு வருடம் நம்மை இப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு விசித்திரமான கேள்வியைக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கேப்டனுக்கு என்ன வயது? இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். 2018-ல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஒரு மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்விலேயே இந்தக் கேள்வியைக் கேட்டு, அது உலகம் முழுக்க இணையத்தில் சுற்றியது. அச்சுப்பிழை என்று பலர் சிரித்தார்கள். வேண்டுமென்றேதான் கேட்டோம், பிள்ளைகள் கேள்வியையே கேள்வி கேட்கிறார்களா என்று பார்க்கத்தான் என்றது அங்கிருந்த கல்வித்துறை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நாலாவது படிக்கும் சித்தப்பா பையனிடம் இதையே கேட்டேன். நிமிஷத்தில் "முப்பத்தாறு" என்றான். "எப்படிடா?" என்றேன். "இப்ப கூட்டல் பாடம்தாண்ணே நடக்குது" என்றான்.

சிரிக்காதீர்கள். நாமும் அவன்தான். நம் பாடப்புத்தகத்தில் எந்தக் கணக்காவது விடை இல்லாமல் இருந்ததா? எந்தக் கணக்கிலாவது தேவை இல்லாத எண் ஒன்று இருந்ததா? கொடுத்த எண்ணை எல்லாம் உபயோகித்தாக வேண்டும், உபயோகித்தால் விடை வந்தாக வேண்டும், வராவிட்டால் நீ முட்டாள். "தகவல் போதாது சார்" என்று பத்தாம் வகுப்புத் தேர்வில் எழுதியிருந்தால் எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்? முட்டைதான்.

அப்படி வளர்ந்தவனிடம் போய் ஒருநாள் "விடை வேண்டாம் ராசா, இது போதுமா என்று மட்டும் சொல்லு" என்றால் அவனுக்குக் கோபம்தான் வரும். பாண்டிக்கு வந்த கோபம் அதுதான். கேள்வி அவனை ஏமாற்றவில்லை. அதுவரை அவன் எப்படி ஏமாந்துகொண்டிருந்தான் என்று காட்டிக்கொடுத்தது.

ஒரு பானைச் சோறு

போதாது என்று சொல்வது கையைத் தூக்குவது இல்லை. அதற்கும் நிரூபணம் வேண்டும். இதுதான் நான் அன்றைக்கு ராத்திரி சொல்ல வந்தது, சொல்ல விடவில்லை.

ஒரு எண், அதன் வர்க்கத்தைவிடச் சின்னதா? கூற்று: அந்த எண் பூஜ்யத்தைவிடப் பெரியது.

2-ஐப் போட்டுப் பார்க்கிறீர்கள். வர்க்கம் 4, ஆமாம் சின்னது. 3 போட்டால் 9, ஆமாம். 10 போட்டால் 100, ஆமாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், நாமோ மூன்று சோறு பார்த்துவிட்டோம், போதும் என்று அடிக்கிறோம். அரையைப் போட்டிருந்தால்? வர்க்கம் கால். அரை பெரியது. ஆமாம் என்ற பதில் இல்லை என்று மாறிவிட்டது.

பழமொழி தப்பில்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், நன்றாகக் கிளறிவிட்ட பானை என்றால் ஒரு சோறு போதும். இங்கே பானையின் அடியில் வேகாத அரிசி இருக்கிறதா என்பதுதான் கேள்வியே. போதும் என்று நிரூபிக்க ஒரு சோறு காணாது, பானை முழுவதற்கும் பொருந்தும் காரணம் வேண்டும். போதாது என்று நிரூபிக்க இரண்டே சோறு: வெந்தது ஒன்று, வேகாதது ஒன்று. கூற்றுக்குப் பொருந்துகிற இரண்டு எண்கள், இரண்டு வேறு பதில்கள். அது கையில் கிடைத்தால் கேஸ் முடிந்தது. கிடைக்காமல் 'ஈ' என்று அடிப்பதற்குப் பெயர்தான் கையைத் தூக்குவது.

இதிலேயே இன்னொரு பள்ளம். ஒரு முழு எண் 6-ஆல் வகுபடுமா? கூற்று: அது 3-ஆல் வகுபடாது. நம்மாட்கள் "வகுபடாதே, அப்போ போதாது" என்பார்கள். ஐயா, வகுபடாது என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, அதுதானே போதும் என்பது! "இல்லை"யும் ஒரு பதில்தான். சம்பந்தம் பேசப் போன இடத்தில் "எங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டால் பதில் கிடைத்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றோம்" என்றால்தான் கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

அன்றைக்கு என் மேல் எறியப்பட்ட கற்களை நியாயமாக ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

"நேரம் போதாது." ஜிமேட்டில் 2023 நவம்பரில் வந்த மாற்றத்தில் இந்தக் கேள்விகளைக் கணக்குப் பகுதியிலிருந்து எடுத்து டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே 45 நிமிடம், 20 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டேகால் நிமிடம். திரையிலேயே கால்குலேட்டரும் உண்டு. கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. கால்குலேட்டரைக் கொடுத்தும் இந்தக் கேள்வியின் கஷ்டம் குறையவில்லை என்றால், கஷ்டம் பெருக்கல் வகுத்தலில் இல்லை என்றுதானே அர்த்தம்? 4,810-ஐ 0.37-ஆல் வகுத்து 13,000 கண்டுபிடித்தவன் ஒரு நிமிடத்தை இழந்தான், கூடவே மதிப்பெண்ணையும் இழந்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்கு நேரம் மிச்சம்.

"இது கணக்கே இல்லை, இங்கிலீஷ் பரீட்சை." இதில் பாதி உண்மை. ஒப்புக்கொள்கிறேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன். 'குறைந்தபட்சம்', 'வெவ்வேறான', 'முழு எண்' என்பதற்கான ஆங்கில வார்த்தைகளில் எத்தனை தடவை வழுக்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தையைக் கவனிக்காமல் விட்டால் முழுக் கணக்கும் போச்சு. அந்தப் பாரம் எல்லோருக்கும் ஒன்று இல்லை. ஆனால் அரை வடை விற்க மாட்டார்கள் என்பது எந்த மொழியில் இருக்கிறது? அது டீக்கடையில் இருக்கிறது. அதைத் தவறவிட்டதற்கு இங்கிலீஷைக் குறை சொல்லாதே பாண்டி.

"ஏ, பி, சி, டி, ஈ மனப்பாடம் பண்ணா போதும்." ஜிமேட் மட்டும் எழுதுவதானால் சரி. வங்கித் தேர்வுகளில் பெரும்பாலும் மூன்றாவது தேர்வு 'ஏதாவது ஒன்று போதும்', ஐந்தாவது 'இரண்டும் சேர்ந்தால் போதும்' என்று வரிசை வேறாக வரும். ஜிமேட் பழக்கத்தில் அங்கே போய் மூன்றாவதை அடித்தால் விடை தெரிந்தும் மதிப்பெண் போகும், கூடவே நெகட்டிவ் மார்க். எழுத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், அர்த்தத்தைப் பிடியுங்கள்.

"நிஜ வாழ்க்கையில யாருடா இப்படிக் கேக்குறா?" இந்தக் கல்தான் எனக்கு வலித்தது. இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அக்காவின் கணக்கு

எங்கள் அக்கா எம்பிஏ படித்தாள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. நுழைவுத்தேர்வில் நல்ல மதிப்பெண். அதிலும் இந்த வகைக் கேள்விகளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி. கல்லூரிக் கையேட்டில் பளபளவென்று இரண்டு வரி:

(1) எங்கள் மாணவர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் 9 லட்சம்.
(2) அதிகபட்சச் சம்பளம் 33 லட்சம்.

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினார்.

இப்போது கேள்வி: அந்த வகுப்பில் நடுவில் இருக்கும் ஒரு சாதாரண மாணவிக்கு என்ன சம்பளம் கிடைக்கும்? 60 பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 9 என்றால் மொத்தம் 540 லட்சம்.

முதல் சோறு: ஒருவருக்கு 33 லட்சம். மீதி 59 பேரும் 507 லட்சத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்குச் சுமார் 8.6 லட்சம். அருமை.

இரண்டாவது சோறு: 12 பேருக்கு 33 லட்சம், ஆக 396 லட்சம். மீதி 48 பேருக்கு இருப்பது 144 லட்சம். ஆளுக்கு 3 லட்சம்.

இரண்டிலும் சராசரி 9. இரண்டிலும் அதிகபட்சம் 33. கையேட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நடுவில் இருப்பவளுக்கு ஒன்றில் 8.6, இன்னொன்றில் 3. விடை ஈ. சேர்த்தாலும் போதாது. வேலை கிடைக்காதவர்களை விட்டுவிட்டு எடுத்த சராசரியா, சேர்த்து எடுத்ததா என்ற கேள்வி தனி.

அக்காவுக்குக் கிடைத்தது மூன்றேகால் லட்சம். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிறது. இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. போன தீபாவளிக்கு நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து டேட்டா சஃபிஷியன்ஸி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். "இதெல்லாம் நான் சரியாத்தான்டா போட்டேன்" என்றாள். "அப்புறம் ஏன்க்கா அந்தத் தாளைப் பார்த்தப்ப தோணல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தகவல் இருந்துச்சு, போதும்னு நெனச்சேன்" என்றாள்.

எண்ணிக்கை மந்திரத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதனால்தான். அது மதிப்பெண் கொடுக்காது என்பதற்காக மட்டும் இல்லை. சில நேரம் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கொடுத்தும், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத் தெரியாமல் நம்மை அனுப்பிவைக்கிறது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?

எனக்கு உதவியது இவ்வளவுதான். பத்துக்கு இரண்டு இப்போது ஏழு, எட்டு வருகிறது. பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

1. கூற்றுகளைப் பார்க்கும் முன் கேள்வியை மட்டும் படியுங்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று உங்களையே கேளுங்கள். லாப சதவீதம் என்றால் விகிதம் போதும், விலை வேண்டாம். அது தெரிந்தபின் கீழே போங்கள்.

2. முதல் கூற்றைப் பார்த்து முடிவு செய்தபின் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். முதல் கூற்றின் வாசனை மூக்கிலேயே நிற்கும். தெரியாமல் இரண்டையும் சேர்த்துவிடுவோம்.

3. முதல் கூற்று போதும் என்றால் விடை ஏ அல்லது டி. போதாது என்றால் பி, சி, ஈ. இது கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்ததுதான். நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். நான் கோச்சிங்குக்கே எதிரி இல்லை.

4. எண் போட்டுப் பார்க்கும்போது உங்கள் பதிலை உடைக்கிற எண்ணைத் தேடுங்கள். பூஜ்யம், ஒன்று, அரை, மைனஸ் எண். பானையின் அடியில் கரண்டியை விடுங்கள்.

5. ஜிமேட்டில் இரண்டு கூற்றும் ஒன்றோடொன்று முரண்படாது. முதல் கூற்றில் ஆறு டீ, இரண்டாவதில் ஐந்து டீ என்று வந்தால் பரீட்சை தப்பில்லை, உங்கள் கணக்கு தப்பு. திரும்பப் போடுங்கள்.

6. விடை சி என்று ரொம்பச் சுலபமாகத் தோன்றினால் உடனே நம்பாதீர்கள். ஒன்று மட்டும் போதாதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

ஐந்தாவதில்தான் இந்தக் கேள்வி வகையின் உண்மையான குறை இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சையில் கூற்றுகள் எப்போதும் உண்மை. வெளியே அப்படி இல்லை. கையேடு பொய் சொல்லலாம், சொல்லாமலும் மறைக்கலாம். பொய்யைக் கண்டுபிடிக்க இந்தப் பரீட்சை சொல்லித்தராது. உண்மை மட்டும் சொல்லியே ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும். அதுவே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

கோச்சிங் சார்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து செகண்ட் மந்திரம் சொல்லும்போது, அது எங்கே எல்லாம் பொய்க்கும் என்று இரண்டு கணக்காவது சேர்த்துச் சொல்லுங்கள். காசு கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் ஒன்று. இருபது கணக்குக்கு ஒரு கணக்கு, விடை இல்லாத கணக்காகக் கொடுங்கள். "தகவல் போதாது சார், ஏன்னா..." என்று ஒரு பிள்ளை எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள். அந்த "ஏன்னா"வுக்காகப் போடுங்கள்.

பாண்டி, உனக்கு: நீ எறிந்த புத்தகம் என்னுடையது. அட்டை கிழிந்துவிட்டது. அடுத்த டீயும் வடையும் உன் கணக்கு.

பி.கு: சண்டையைத் தொடர விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டீ 12 ரூபாய், போண்டா 9 ரூபாய், வேறு எதுவும் வாங்கவில்லை, கடைக்காரர் பில் 100 ரூபாய் என்கிறார். எத்தனை டீ குடித்தோம்? தகவல் போதுமா, போதாதா? இரண்டுமே இல்லை என்கிறேன் நான். ஏன் என்று கண்டுபிடித்தவர்கள், காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.